ஒரே ஊரில் தங்கிப் பழகினால் நட்பு வந்துவிடுமா? மஜூலியை முன்வைத்து

கரிசல்காட்டான்:
வடகிழக்கு என்றாலே 'எட்டு நாளில் குவாஹாத்தி, ஷில்லாங், சிரபுஞ்சி, காசிரங்கா, தவாங்' என்று பட்டியல் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். அசாமில் ஜோர்ஹாட் பக்கம் நிமாட்டி காட் என்ற படித்துறையில் ஃபெர்ரி ஏறி பிரம்மபுத்திராவைக் கடந்தால் மஜூலி. ஆற்று நடுவே ஒரு தீவு, 2016 முதல் தனி மாவட்டம். அங்கே தனியாகப் போய் உட்காருங்கள். வாரக்கணக்கில்.

அசாமின் வைணவ குரு சங்கரதேவர் வழிவந்த மடங்களை அங்கே சத்ரா என்பார்கள். அதில் சாமகுரி சத்ரா முகமூடிக்குப் பேர்போனது. மூங்கிலைச் சீவி முகத்துக்கு ஒரு கூடு பின்னுகிறார்கள். களிமண் குழம்பில் தோய்த்த துணியை அதன்மேல் ஒட்டுகிறார்கள். அப்புறம் களிமண்ணையும் சாணத்தையும் பிசைந்து கண், மூக்கு, பல் எல்லாம் வைத்து, காயவிட்டு, வண்ணம் பூசுகிறார்கள். சுற்றுலாவாகப் போனால் ராவணன் முகத்தை மாட்டி ஒரு போட்டோ, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. தினமும் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒருநாள் உங்கள் கையில் அந்தக் கலவையைக் கொடுத்து 'இந்தக் காதைப் பூசு' என்பார்கள். அன்றைக்குத்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

நான் தங்கிய வீட்டில் கடைசியில் நான் விருந்தாளியாக இல்லை, வீட்டுப் பிள்ளையாகிவிட்டேன். தனியாகப் போனால்தான் இது வாய்க்கும். கூட்டமாகப் போனால் நமக்குள்ளேயே பேசிக்கொண்டு திரும்பிவிடுவோம்.

பாலாற்றங்கரை:
அண்ணே, சாமகுரி பற்றி எழுதியது அருமை. 'வீட்டுப் பிள்ளை'தான் எனக்கு ஒப்பவில்லை. ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசித் தங்கிய வீடு அது. காசு கொடுக்கிறவரிடம் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உடம்பு முடியாத அன்றும் அந்த வீட்டு அம்மா எழுந்து உங்களுக்குச் சோறு வடித்திருப்பார். அது தொழில், மரியாதையான தொழில். அதைப் பாசம் என்று எழுதும்போது அவருடைய உழைப்பு மறைந்துபோகிறது.

இன்னொன்று. 1950 ஆகஸ்ட் 15 அன்று வந்த அசாம் நிலநடுக்கத்தில் ஆற்றுப் படுகை மேடேறிப் போய், அதற்கப்புறம் கரை அரிப்பு வேகமெடுத்தது. ஒரு காலத்தில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த தீவு இப்போது பாதிகூட இல்லை. நிலத்தை ஆறு கொண்டுபோன குடும்பங்கள் கரைமேட்டில் தகரக் கொட்டகை போட்டுக் கிடக்கின்றன. நீங்கள் தங்கியது அவர்களிடம் இல்லை. வாடகைக்கு விட ஓர் அறையும் கழிப்பறையும் உள்ளவர் வீட்டில்தான் தங்கினீர்கள். 'உள்ளூர் மக்களோடு பழகினேன்' என்கிறோமே, அந்த உள்ளூர் மக்கள் யார் என்று முதலில் சொல்ல வேண்டாமா?

ஊர்சுற்றி தேன்மொழி:
இரண்டு பேரும் ஆம்பளைகளாக இருந்து பேசுகிறீர்கள். 'யார் கூப்பிட்டாலும் போ, உட்கார், பழகு' என்பதை நான் அப்படியே செய்ய முடியாது. தனியாகப் போகிற பெண்ணுக்கு முதல் கணக்கு, கடைசி ஃபெர்ரி பொழுது சாய்வதற்கு முன்பே போய்விடும் என்பது. அதை விட்டால் படித்துறையில் இருட்டில் நிற்க வேண்டும். அடுத்த கணக்கு, வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா என்பது. நட்பெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஆனால் கரிசல் அண்ணன் போக முடியாத இடத்துக்கு என்னால் போக முடிந்தது. அங்கே வாழும் மிசிங் பழங்குடி மக்களின் வீடுகள் மூங்கில் கால்மேல் நிற்கும், சாங் கர் என்பார்கள். வெள்ளம் வரும் ஊருக்கு ஏற்ற வீடு. தரைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள நிழலில்தான் தறி கிடக்கும். கீழே கோழி மேயும், பன்றி சுற்றும், நடுவில் ஓர் அக்கா காலால் மிதியை அழுத்திக்கொண்டே என்னிடம் பேசுவார். அவருக்கும் ஹிந்தி அரைகுறை, எனக்கும் அரைகுறை. அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தார். நான் போட்ட முடிச்சைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்து மறுபடி போட்டார். அவர் வீட்டில் நான் தங்கவும் இல்லை, ஒரு பைசா கொடுக்கவும் இல்லை. இதைத் தொழில் என்று பாலாறு சொல்ல முடியாது.

பாலாற்றங்கரை:
சொல்லமாட்டேன். ஆனால் அவர் வேலை நேரத்தை எடுத்துக்கொண்டீர்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள். நெய்தால்தான் அவருக்கு வருமானம்.

ஊர்சுற்றி தேன்மொழி:
அவர் கை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பேச்சை நிறுத்த வேண்டியபோது அவரே நிறுத்தினார். கிராமத்துப் பெண்களுக்கு 'போ' என்று சொல்லத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

கரிசல்காட்டான்:
காசு விஷயத்துக்கு வருகிறேன். சொன்ன வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துப் பேசக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 'நண்பர்தானே' என்று இலவசமாகத் தங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எரிச்சலாக வரும். காசில்லாமல் சாப்பிடக் கூப்பிட்டால் சர்க்கரை, பருப்பு, தேயிலை என்று வீட்டுக்கு ஆகிற சாமானாக வாங்கிப் போங்கள். அபோங் என்ற அரிசிக் கள் ஊற்றுவார்கள். பழக்கமில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம், யாரும் வருத்தப்படுவதில்லை.

ஆனால் காசு நடுவில் வந்துவிட்டால் நட்பே வராது என்பதை ஏற்கமாட்டேன். நம் தெரு மளிகைக் கடைக்காரரோடு நமக்கு நட்பு இல்லையா?

பாலாற்றங்கரை:
அவரை வருஷக்கணக்கில் தினமும் பார்க்கிறீர்கள். அவர் கடை மூடினாலும் உங்கள் தெருவில்தான் இருப்பார். மஜூலிக்காரர் அங்கே, நீங்கள் இங்கே.

திருப்பூர் பனியன்:
இங்கே ஒரு பின்னலாடைக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் லைனில் அசாம் பையன்கள் தைக்கிறார்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். நம்மில் பாதிப்பேர் அவர்களை மொத்தமாக 'வடக்கன்' என்றுதான் கூப்பிடுகிறோம், பேர்கூடக் கேட்பதில்லை. அசாமுக்குப் போய் முகமூடிக்காரரோடு உட்கார்ந்து பழகுகிற நாம், அதே ஊர்ப் பையன் பக்கத்து டீக்கடையில் நின்றால் ஒரு வார்த்தை பேசுகிறோமா?

2012 ஆகஸ்டில், தாக்கப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, பெங்களூரிலிருந்து வடகிழக்குக்காரர்கள் ஆயிரக்கணக்கில் குவாஹாத்தி ரயிலில் ஏறினார்கள். சென்னையிலிருந்தும் கிளம்பினார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது இங்கே பீகார் பையன்கள் மூட்டை கட்டியதை நேரில் பார்த்தேன். அந்த மாதிரி நாளில் 'எங்கே இருக்கிறாய், என் வீட்டுக்கு வா' என்று போன் செய்கிறவன்தான் என் கணக்கில் நண்பன். பயணம் போய்த்தான் பழக வேண்டும் என்று இல்லை. திருப்பூருக்கு வாருங்கள், இந்தியாவே இங்கே தங்கியிருக்கிறது.

பாலாற்றங்கரை:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் நேராகச் சொல்லிவிட்டீர்கள். நாம் எப்போதும் அங்கே விருந்தாளி. இங்கே விருந்து வைக்கிறவராக நாம் இருப்பதில்லை.

கரிசல்காட்டான்:
திருப்பூர் தம்பி சொன்னது நியாயம், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் பாலாறு சொல்கிற 'எப்போதும்' சரியில்லை. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு விவேக் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. சுமார் 4,200 கிலோமீட்டர், நாட்டிலேயே நீண்ட தூர ரயில். காட்பாடியிலும் நிற்கும். அதில் காட்பாடிக்கு டிக்கெட் எடுக்கிறவர்களில் நிறையப் பேர் வேலூர் சி.எம்.சி.க்கு வருகிற நோயாளிகள். நான் தங்கிய வீட்டுக்காரரும் அவர் அம்மாவை அப்படித்தான் அழைத்து வந்தார். கிளம்புவதற்கு முன்பு எனக்குப் போன் வந்தது. காட்பாடியில் போய் நின்றேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்துகளில் எல்லா லாட்ஜிலும் வங்காளியில் போர்டு, அறைக்குள்ளேயே சமைத்துக்கொள்ள அடுப்பு. அவருக்கு வங்காளி எழுத்தைப் படிக்க முடிந்தது, நம் எழுத்து ஒன்றும் புரியவில்லை. மருந்துச் சீட்டை எந்த கவுன்ட்டரில் நீட்ட வேண்டும், எந்த மெஸ்ஸில் கடுகெண்ணெய் மீன் குழம்பு கிடைக்கும் என்று கூட அலைந்தேன். அவர் அம்மாவுக்கு நம் சாம்பார் பிடிக்கவே இல்லை. நான் அங்கே போய்த் தங்கியிராவிட்டால் வேலூரில் அவர்களுக்குத் தெரிந்தவர் என்று யார் இருந்திருப்பார்?

பாலாற்றங்கரை:
அண்ணே, நீங்கள் போய் நின்றது பெரிய விஷயம். மனசாரச் சொல்கிறேன். இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். அதில் இருந்ததெல்லாம் நீங்கள் பெற்றது மட்டும்தான். அதைப் படித்துவிட்டுப் போகிற பையன் அங்கேயே ஒரு மாதம் தங்கி, பத்து ரீல்ஸ் போட்டு, திரும்பியதும் நம்பரை பிளாக் செய்வான். எனக்குத் தெரிந்த இடத்தில் நடந்திருக்கிறது. அதனால்தான் 'தங்கினாலே நட்பு' என்ற பேச்சை இன்னமும் எதிர்க்கிறேன்.

கரிசல்காட்டான்:
தங்கினாலே வரும் என்று சொல்லவில்லை. தங்காமல் வராது என்றேன்.

திருப்பூர் பனியன்:
எனக்குத் தங்காமலே வந்திருக்கிறது அண்ணே.

புதுப்பயணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நவம்பரில் மஜூலியில் கிருஷ்ணன் கதையைக் கூத்தாக நடத்தும் ராஸ் திருவிழாவுக்குத் தனியாகப் போகலாம் என்று இருக்கிறேன். பர்மிட் வேண்டுமா? எப்படிப் பழக ஆரம்பிப்பது?

ஊர்சுற்றி தேன்மொழி:
அசாமுக்குப் பர்மிட் வேண்டாம். அங்கிருந்து அருணாசலமோ நாகாலாந்தோ போவதாக இருந்தால் இன்னர் லைன் பர்மிட் வாங்க வேண்டும். ராஸ் சமயத்தில் தீவு முழுக்கக் கூட்டம், அறை கிடைக்காது, வீட்டுக்காரர்களுக்கு மூச்சுவிடக்கூட நேரமிருக்காது. முடிந்தால் கூத்தைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள், கூட்டம் வடிந்தபிறகும் இருங்கள். அப்போதுதான் அவர்கள் உட்காருவார்கள். முதலில் அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வீட்டில் எத்தனை பேர், அப்பா என்ன செய்கிறார், உங்கள் ஊரில் நெல் எப்போது அறுப்பு என்று நிறையக் கேட்பார்கள். கேமராவை முதல் சில நாள் பையிலேயே வைத்திருங்கள். கிளம்பும்போது உங்கள் வீட்டு விலாசத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பாலாற்றங்கரை:
விலாசத்தோடு, எடுக்கிற போன் நம்பரும்.