மாலெம் மஹ்மூத் கினியாவின் கெம்ப்ரி: கேட்டவர்கள் கவனித்தவை

மொராக்கோவின் எஸ்ஸவீரா ஊர்க்காரரும் கினாவா சமூகத்தின் சடங்கிசையில் மாலெமும் (ஆசான்) ஆன மஹ்மூத் கினியாவிடம் (1951–2015) வெளிநாட்டு ரசிகர்கள் பலரும் 1994-இல் அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் ஃபாரோ சாண்டர்ஸுடன் பதிவான 'தி டிரான்ஸ் ஆஃப் செவன் கலர்ஸ்' ஆல்பம் வழியாகத்தான் வருகிறார்கள். அதில் சாக்ஸஃபோனை மட்டும் துரத்தினால் பாதிதான் கிடைக்கும். அடியில் ஓடும் கெம்ப்ரி என்னும் மூன்று நரம்பு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். தயாரிப்பாளர் பில் லாஸ்வெல் பதிவுக் கருவிகளை எஸ்ஸவீராவுக்கே கொண்டுபோய்ப் பதிவு செய்தார். அதனால் மாலெமுக்குப் பழகிய குழு, பழகிய கோரஸ். வந்த விருந்தாளிதான் இடம் பார்த்து உட்கார வேண்டியிருந்தது. கினாவா கூட்டு முயற்சிகள் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. கெம்ப்ரியை வெறும் பேஸ் கிடாராக எண்ணி, மேலே சோலோவை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இங்கே பாட்டை நடத்துவதே கெம்ப்ரிதான். அழைப்பு அதிலிருந்து போகும், க்ரகெப் (இரும்புத் தாளம்) வாசிப்பவர்கள் கோரஸாகப் பதில் சொல்வார்கள்.

* * *

மேலே சொன்னதற்குக் காரணம் வாத்தியத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

கெம்ப்ரியின் உடல் ஒரே மரத்துண்டைக் குடைந்த தொட்டி. வாய்ப்புறத்தில் ஒட்டகக் கழுத்துத் தோல். உருண்டைக் கம்பு போன்ற தண்டு தோலுக்கடியில் நுழைந்து ஓடும். ஆட்டுக் குடலில் திரித்த நரம்புகள் மூன்று: இரண்டு நீளம், ஒன்று குட்டை. குட்டை நரம்பு தண்டின் பாதியிலேயே முடிந்துவிடும். அதில் விரல் வைத்து அழுத்துவதில்லை, கட்டைவிரலால் சும்மா மீட்டிக்கொண்டே இருப்பார்கள். சுருதி நிற்பது அதனால்தான். குட்டை நரம்பு அடிநரம்புக்கு ஒரு ஸ்தாயி மேலே, மூன்றாவது நரம்பு அடிநரம்பிலிருந்து மத்யமம் (ச–ம).

பழைய முறைக் கெம்ப்ரியில் பிருடை (முறுக்காணி) கிடையாது, தோல் வார்க்கட்டுதான். வாரைத் தண்டின் மேல் நகர்த்தி இறுக்கிச் சுருதி சேர்ப்பார்கள். எஸ்ஸவீராவில் அட்லாண்டிக் காற்று ஓயாது. ஈரம் ஏறினால் தோல் தொய்ந்து, 'தும்' என்று விழ வேண்டிய அடி 'தப்' என்று செத்துவிடும். அதனால் வாசிக்கும் முன் தோலைக் கனலின் அருகே பிடித்துக் காய்ச்சுவார்கள், நம்மூரில் பறையைக் காய்ச்சுவது போல. அவசரப்பட்டு மிக நெருக்கிப் பிடித்தால் தோல் பிளந்துவிடும். தோல் காய்ந்த பிறகு மறுபடியும் சுருதி சேர்த்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் ஏறி இறங்கும்.

வலக்கையைக் கவனியுங்கள். விரல் நரம்பை மீட்டும் அதே வீச்சில் தோலையும் தட்டுகிறது. ஒலிப் பொறியாளர் நரம்பை மட்டும் மைக்கில் பிடித்தால் வாசிப்பில் பாதி போச்சு. தண்டின் நுனியில் செருகும் தகர வளையத் தகடான செர்செராவின் கரகரப்பை இரைச்சல் என்று கழற்றச் சொல்வதும் உண்டு. அதுவும் அந்த ஒலியின் பங்குதான்.

* * *

தாள வாத்தியக்காரர்களுக்கு ஒன்று. க்ரகெப் என்னும் இரும்புத் தாளத்தின் ஓட்டம் திஸ்ரமா (மூன்று) சதுஸ்ரமா (நான்கு) என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் குதிரைப் பாய்ச்சலாகப் போகும், வேகம் கூடக்கூட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சரியும். டிரம்ஸ்காரர் கிளிக் (காதில் சீராக ஒலிக்கும் தாளத் துடிப்பு) வைத்து நேராக்கினால் அங்கேயே உயிர் போய்விடும். மேடையில் க்ரகெப் மைக்கைக் குறைத்தே வையுங்கள், இல்லையென்றால் கெம்ப்ரி முழுக்க மூழ்கும்.

* * *

அந்த ஆல்பத்தின் தலைப்பில் வரும் ஏழு நிறங்கள் அலங்காரப் பெயர் அல்ல. லீலா என்ற சடங்கின் வரிசை அது. (நம் லீலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அரபியில் இரவு என்று பொருள், சடங்கும் விடிய விடிய நடப்பது.)

முதலில் தெருவில் தபேல் முரசோடு ஊர்வலம், பாலும் பேரீச்சம்பழமும் கொடுத்து வரவேற்பு. அடுத்து கூயூ, ஆட்டமும் பாட்டுமாக. அதற்குப் பிறகுதான் ம்லூக் எனப்படும் ஆவிகளுக்கான தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் நிறம், துணி, புகை உண்டு. சீதி மூஸாவுக்கு நீலம், சீதி ஹம்முவுக்குச் சிவப்பு, லல்லா மீராவுக்கு மஞ்சள். புகைக்கும் 'ஜாவி' நம் கடைகளில் விற்கும் சாம்பிராணிதான். துணியையும் புகையையும் பார்த்துக்கொள்பவர் முகத்தமா என்ற பெண். மாலெம் இசையோடு நின்றுகொள்வார்.

ஒருவர் ஜெத்பாவில், அதாவது அருள் வந்த நிலையில், ஆடிக்கொண்டிருந்தால் அவர் இறங்கும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது. பாதியில் அறுப்பது அவருக்குக் கேடு என்பது கினாவாக்களின் உறுதியான நம்பிக்கை. மாலெமின் கண் நரம்பில் அல்ல, ஆடுபவரின் தோளிலும் காலிலும் இருக்கும். விழாவில் தரும் ஒரு மணி நேரத்துக்குள் இதை அடக்க முடியாது. மேடையில் கேட்பது லீலாவின் பாடல்கள். அதையே லீலா என்று எண்ண வேண்டாம். மஹ்மூத் இரண்டையும் வாசித்தார், இரண்டையும் கலக்கவில்லை. அவர்மேல் மதிப்பு கூடுவது இதனால்தான்.

* * *

மஹ்மூத் வெளிநாட்டாரோடு வாசித்ததில் மேலே சொல்லாமல் விட்டது ஒன்று: ஜெர்மன் சாக்ஸஃபோன்காரர் பீட்டர் ப்ரோட்ஸ்மன், டிரம்மர் ஹமீத் டிரேக் இருவருடன் வாசித்த 'தி வெல்ஸ் கான்செர்ட்'. ப்ரோட்ஸ்மன் அலறுவார், கெம்ப்ரி இம்மியும் அசையாது. முதல் முறை கேட்பவர்கள் இதை விட்டுவிட்டு 2017-இல் வெளிவந்த 'கலர்ஸ் ஆஃப் தி நைட்'டில் தொடங்கலாம். அதில் விருந்தாளி யாரும் இல்லை.

தந்தை பூபக்கரும் மாலெம், தம்பி முக்தாரும் மாலெம். 2015 மே மாதம் எஸ்ஸவீரா கினாவா விழா மேடையில், உடல் தளர்ந்திருந்த மஹ்மூத் தன் கெம்ப்ரியை மகன் ஹுஸ்ஸாமின் கையில் கொடுத்தார். ஆகஸ்ட் 2-இல் காலமானார். ஹுஸ்ஸாமின் பதிவுகளையும் கேளுங்கள். கட்டைவிரல் விழும் இடத்தில் அப்பாவின் கை தெரிகிறது.