'பை' எண்ணுக்குத் தமிழ்ப் பெயர்: 'பரிதி மடங்கு' சரிப்படுமா?

> வட்டவிகிதம் என்றே வைத்துக்கொள்ளலாமே. விகிதம் பிள்ளைகளுக்குப் பழகிய சொல்தான், புதிதாக எதற்கு இன்னொன்று?

ஐயா, வட்டவிகிதம் தப்பே இல்லை, பரிதியை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்தானே. ஜப்பானியத்திலும் சீனத்திலும் இந்த எண்ணின் பெயருக்குப் 'பரிதி விகிதம்' என்றுதான் பொருள், ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெயரையும் 3.14-ஐயும் வைத்தே கணக்குப் போட்டுவிடுகிறார்கள், π என்ற கிரேக்க எழுத்து நடுநிலைப் பள்ளியில்தான் வருகிறது. நாம்தான் எழுத்திலேயே ஆரம்பித்துவிடுகிறோம். 'பை' என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து புத்தகப்பை உயரும். இத்தனைக்கும் அந்த எழுத்து இந்த எண்ணைக் குறிக்க வந்ததே 1706-இல், வில்லியம் ஜோன்ஸ் என்ற கணிதர் கையில். கணித மேதை ஆய்லர் எடுத்துக்கொண்ட பிறகுதான் பரவியது. ஆர்க்கிமிடீஸ் அது இல்லாமலேதான் 3 10/71-க்கும் 3 1/7-க்கும் நடுவில் எண்ணைப் பிடித்துப் போட்டார்.

என் தயக்கம் வேறு. விகிதம் என்றால் பிள்ளைக்கு 3 : 5 மாதிரி இரண்டு எண்கள் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கு நாம் தயாரிக்கும் தாளின் செயல்பாட்டில் நடப்பது அதுவல்ல. டப்பா மூடியின் விட்டத்துக்குச் சரியாகக் காகிதப் பட்டை வெட்டி, அதே நீளத்தில் இன்னும் சில வெட்டி, விளிம்பைச் சுற்றி ஒன்றன் முனையில் ஒன்றாக ஒட்டச் சொல்கிறோம். மூன்று பட்டை முழுசாகப் போகும், கொஞ்சம் இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளிக்கு ஒரு துண்டு வெட்டிப் பட்டைமேல் வைத்துப் பார்த்தால் ஏழு தடவை போய் ஒரு நூலிழை மீதி. பெரிய மூடி, சின்ன மூடி, எதை எடுத்தாலும் இதே கதைதான். 'விட்டத்தைப் போல எத்தனை மடங்கு?' என்ற கேள்வி தானாக வருகிறது, அதனால்தான் பரிதி மடங்கு.

(வளையல் மட்டும் கொடுக்காதீர்கள். விட்டத்தை உள்ளே அளந்து நூலை வெளியே சுற்றுவார்கள், தடித்த வளையல் என்றால் 3.4-கூடத் தாண்டும். நூலும் இழுத்தால் நீளும். நூல்தான் இருக்கிறது என்றால் உருண்டை டப்பாவில் நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றிப் பத்தால் வகுக்கட்டும், பிழை குறையும்.)

> மீச்சிறு பொது மடங்கில் மடங்கு முழு எண் அல்லவா? 3.14 மடங்கு எப்படி?

இது நியாயமான கேள்வி, எனக்கும் உறுத்தியது. ஆனால் 'விலை ஒன்றரை மடங்கு ஏறிப்போச்சு' என்று வீட்டில் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு முழுசாகாத மடங்கு புதிதில்லை. 'வட்ட மாறிலி' என்று இன்னொருவர் சொன்னதை மேல்வகுப்புக்கு விட்டுவிடலாம், மாறிலி, அதாவது மாறாத எண், என்ற கருத்தே பிறகுதான் வருகிறது.

ஆகவே செயல்பாட்டுத் தாளின் அட்டவணையில் பொருள், விட்டம், பரிதி, கடைசிக் கட்டத்தில் பரிதி மடங்கு. எழுத்தை அடுத்த பாடத்தில் அறிமுகப்படுத்திக்கொள்ளலாம். பரப்பளவுத் தாளில் வட்டத்தைப் பதினாறாக வெட்டி மாற்றி அடுக்குகிறோமே, அந்தத் துண்டுக்கு 'வட்டக்கோணப்பகுதி' என்பது வாயில் நுழையவே மாட்டேன் என்கிறது. இலங்கைப் பாடநூல்களின் 'ஆரைச்சிறை'யை எடுத்துக்கொள்ளலாமா? யாருக்காவது மறுப்பு உண்டா?