கொடுங்கையூரில் எங்கள் தெருச் சங்கம்: கேட் போடுவதா, கேமரா வைப்பதா, முதலில் எதைச் செய்வது?

கேள்வி (கொடுங்கையூர்வாசி)

அனைவருக்கும் வணக்கம். கொடுங்கையூரில், இரு முனைகளிலும் வழியுள்ள ஒரு தெருவில், ஒன்பது ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். தெருவில் ஏறத்தாழ அறுபது வீடுகள் உள்ளன. பெரும்பாலான வீடுகளில் கீழே உரிமையாளரும் மாடியில் வாடகைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். பதிவு பெற்ற குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று உண்டு என்றாலும், பொங்கலுக்குக் கோலப் போட்டி நடத்துவதும் ஆடியில் கூழ் ஊற்றுவதுமே அதன் வேலையாக இருந்துவந்தது. கூட்டத்துக்கு அழைப்பு வரும் நாளிலெல்லாம் எனக்கும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

சென்ற மாதம், இரவு ஏழரை மணிக்குத் தயிர் வாங்கிக்கொண்டு திரும்பிய எதிர்வீட்டு அம்மாவின் தாலிச் சங்கிலியை வண்டியில் வந்த இருவர் பறித்துச் சென்றார்கள். அவர் விடாமல் பற்றிக்கொண்டதால் சங்கிலி அறுந்து, தாலியும் இரண்டு குண்டுகளும் மட்டும் கையில் மிஞ்சின; கழுத்தைச் சுற்றிய சிவப்புக் கோடு இன்னும் மறையவில்லை. அந்தத் தெருமுனையில் கம்ப விளக்கு பல வாரங்களாக எரியாமல் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விளக்கு எரியவில்லை என்று யாராவது சொன்னீர்களா என்று விசாரணைக்கு வந்த காவலர் கேட்டபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகு கூடிய கூட்டத்தில், தெருவின் இரு முனைகளிலும் இரும்பு கேட் போட்டு இரவு பத்து மணிக்குப் பூட்ட வேண்டும் என்று ஒரு தரப்பு சொன்னது. கேமராவும் இரவு வாட்ச்மேனும் போதும் என்றது இன்னொரு தரப்பு. மாடி வீடுகளில் யார் யாரோ வந்து தங்குவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும், வாடகைதாரர்களைச் சங்கத்தின் பக்கமே சேர்க்கக் கூடாது என்றும் சிலர் சொன்னார்கள். மூன்று தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம், என்னைச் செயலாளர் ஆக்குவது. சங்கத்தின் கையிருப்பு சுமார் 40,000 ரூபாய். முதலில் எதில் கை வைக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (பெரம்பூர், ஓய்வு பெற்றவர்)

ஐயா, பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கேட்டுக்கு வெல்டரை அழைக்க வேண்டாம். உங்களுடையது மாநகராட்சித் தெரு என்றால் அதை அடைத்துப் பூட்டும் உரிமை சங்கத்துக்குக் கிடையாது. பொதுவழியை மறித்ததாக ஒருவர் புகார் கொடுத்தால் கேட்டும் போகும், போட்ட பணமும் போகும். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தவரை ஏற்றிச்செல்ல 108 வண்டி வந்து நிற்கும்போது பூட்டின் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று தேடுவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

சுற்றுச்சுவருக்குள் இருக்கும் அடுக்ககத்தின் கதை வேறு. அங்கே 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்கக உரிமைச் சட்டத்தின்படி உரிமையாளர்கள் சங்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பராமரிப்புச் செலவைப் பகிர்ந்தே ஆக வேண்டும். உங்களைப் போலத் தனி வீடுகள் உள்ள தெருவில், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த சங்கத்தில் சேருவதும் சேராததும் அவரவர் விருப்பம். ஆகவே அதட்டி வசூலிக்க முடியாது. நான் பதினோரு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன். ஐம்பது ரூபாய் வாங்கினாலும் ரசீது கொடுத்து, மாதக் கணக்கை எழுதிப் பிள்ளையார் கோயில் சுவரில் ஒட்டிய பிறகுதான் எங்கள் தெருவில் பாதிப் பேர் சந்தா தர முன்வந்தார்கள்.

முதல் வேலை விளக்கு. இரவு எட்டு மணிக்கு நான்கு பேராக, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தெருவை முழுமையாக நடந்து பாருங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் எண் இருக்கும்; எரியாத விளக்கின் கம்ப எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் இப்படி நடந்தபோது, நான்கு விளக்குகள் எரியாமல் இருந்ததோடு, எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்கு வாதுமை மரத்தின் இலைகளுக்குள் புதைந்து, கிளைகளுக்கு மட்டும் வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. பகலில் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. மாநகராட்சியின் 1913 எண்ணிலோ நம்ம சென்னை செயலியிலோ கம்ப எண்ணைச் சொல்லிப் புகார் செய்து, அவர்கள் தரும் புகார் எண்ணையும் தேதியையும் அதே நோட்டில் எழுதுங்கள். "தெருவே இருட்டாக இருக்கிறது" என்ற புகாரை வைத்துக்கொண்டு ஆள் எங்கே ஏணி போடுவார்? திறந்து கிடக்கும் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்விநியோகப் பெட்டி), தொங்கும் மின்கம்பி ஆகியவை மின்வாரியத்தைச் சேர்ந்தவை. அதற்கு அவர்களுடைய புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. கழிவுநீர் மேன்ஹோல் மூடி குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகாலின் சிலாப் மாநகராட்சியின் பொறுப்பு. யாருடையது எது என்று தெரியாமல் அலைந்து ஓய்ந்துபோன சங்கங்கள் நிறைய உண்டு.

அடுத்தது காவல் நிலையம். ஏதாவது நடந்த பிறகு கும்பலாகப் போவதைவிட, ஒன்றும் நடக்காத ஒரு நாளில் இருவராகச் சென்று ஆய்வாளரைச் சந்தித்து, சங்கத்தின் பெயரையும் பொறுப்பாளர்களின் எண்களையும் கொடுத்துவிட்டு வருவது நல்லது. ரோந்துக் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தை உங்கள் தெருமுனையில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் வீடு பூட்டியிருக்கும் தேதிகளை நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் சென்னையில் நெடுநாளாக உண்டு; கோடை விடுமுறையிலும் தீபாவளியிலும் அதை நினைவூட்டுவது செயலாளரின் வேலை.

பதில் 2 (மாதவரம், கேமரா பொருத்தும் தொழில்)

கேமரா வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அதில்தான் எனக்குச் சோறு. ஆனால் சென்னைக் காவல்துறை "மூன்றாவது கண்" என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமரா வைக்கச் சொல்லி ஊக்குவித்த காலத்தில் ஆசையோடு வைத்துவிட்டு, பிறகு திரும்பிப் பார்க்காத சங்கங்கள் பலவற்றை அறிவேன். ஒரு தெருவில் திருட்டு நடந்த மறுநாள் பதிவை எடுத்துத் தரச் சொல்லி அழைத்தார்கள். கேமரா படங்களைப் பதிந்து வைக்கும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம் 50 நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. அது தெரியாமல், சம்பவ நேரம் என்று எண்ணி, அதற்கு 50 நிமிடம் கழித்து நடந்தவற்றை அதுவரை எல்லோரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளேயிருந்த சிறிய பட்டன் பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம்.

உங்கள் தெருவுக்கு முனைக்கு இரண்டாக நான்கு கேமராக்கள் போதும். ஒன்று தெருவை அகலமாகக் காட்டட்டும்; மற்றொன்றைத் தாழ்வாக, குறுகிய கோணத்தில், வண்டியின் எண்பலகை தெரியும்படி வையுங்கள். பதினைந்து அடி உயரத்தில் கட்டிவிட்டால் ஹெல்மெட்டின் உச்சிதான் பதிவாகும். நான்கு கேமராவும் விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓடினால் நாளொன்றுக்கு 86 ஜிபி ஆகும். 1 டிபி ஹார்டு டிஸ்க் சுமார் பதினொரு நாளில் நிரம்பி, பழையது அழியத் தொடங்கும். ஆகவே 2 டிபி போடுங்கள். மின்தடைக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். கட்டாயம். இரவில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மாதம் ஒருமுறை ஒட்டடை அடிக்க ஆள் இல்லையென்றால் வலையைத்தான் பதிவு செய்துகொண்டிருப்பீர்கள். எதிர்வீட்டு வாசலும் சன்னலும் படத்தில் விழாதபடி கோணம் வையுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள்.

இன்னொன்று: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, பதிவின் நகலை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கச் சான்று தேவை. பதிவைக் காவலரிடம் ஒப்படைக்காமல் முதலில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பரப்புகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்டியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3 (தண்டையார்பேட்டை, வாடகைக் குடித்தனம்)

வாடகைதாரர்களை விலக்குவது பற்றி எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். பதினாறு ஆண்டுகளில் ஐந்து வீடுகள் மாறியவள் நான். எந்தச் சங்கமும் என்னைக் கூட்டத்துக்கு அழைத்ததில்லை, ஆனால் எல்லாச் சங்கமும் என்னைச் சந்தேகத்தோடு பார்த்திருக்கிறது. பகலில் உங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். உரிமையாளர்களில் பலர் பாரிமுனைக்கும் கிண்டிக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். மாடிக்குடித்தனத்தில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெண்தான் சன்னல் வழியே தெருவை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை விட்டுவிட்டு நீங்கள் நான்கு கேமரா வாங்கப் போகிறீர்கள்.

வாடகைக்கு வருபவரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தருவது உரிமையாளரின் பொறுப்பு. அதை ஒழுங்காகச் செய்யாத உரிமையாளரே கூட்டத்தில் எழுந்து "யார் யாரோ வருகிறார்கள்" என்று பேசுவதையும் கேட்டிருக்கிறேன். வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் இதில் அடக்கம். அவர்களிடம் பெயரைக் கேட்டு, உங்கள் எண்ணைக் கொடுங்கள். இரவு வேலை முடித்து ஒரு மணிக்குத் திரும்புகிறவர்கள் அவர்கள்தாம், அந்த நேரத்தில் தெருவில் நடப்பது அவர்கள் கண்ணில்தான் படும். துணைவிதிகளில் வாடகைதாரர்களுக்கு இணை உறுப்பினர் என்று ஓர் இடம் கொடுத்து, குறைந்த சந்தாவும் கூட்டத்தில் பேசும் உரிமையும் தாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தரைத்தளத்தில் தனியாக இருந்த பாட்டியை மாடிக்குத் தூக்கிச் சென்றவர்கள் இரண்டு வாடகை வீட்டுப் பையன்கள். அவர் அந்த வீட்டில் தனியாக இருந்தது சங்கத்தின் பட்டியலில் இல்லை, அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுமொழி (கொடுங்கையூர்வாசி)

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு நடந்து பார்த்தோம்: 17 கம்பங்களில் மூன்று எரியவில்லை, ஒன்று வேப்பமரத்துக்குள் மறைந்திருந்தது. மாடியில் வாடகைக்கு இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கம்ப எண்களைத் தாமாகவே வரைபடத்தில் குறித்துத் தந்தார். மூன்று விளக்குகளுக்கும் கிளை வெட்டுவதற்கும் தனித்தனியாகப் புகார் எண் வாங்கிவிட்டோம். கேட் போட்டே தீர வேண்டும் என்பவர் மட்டும், "விளக்கைப் பார்த்துத் திருடன் ஓடிவிடுவானா?" என்று கேட்டுக் கோபமாக இருக்கிறார். அவரை எப்படிச் சமாளிப்பது?

பதில் 4 (பெரம்பூர், ஓய்வு பெற்றவர்)

அவரிடம் வாதாட வேண்டாம் ஐயா. அக்கறை இல்லாதவர் கோபப்பட மாட்டார். புகார் நோட்டை அவர் கையில் கொடுத்து, விளக்கும் சிலாப்பும் இனி உங்கள் பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் தெருவில் கேட் கேட்டவர் இப்போது தினமும் சாப்பிட்டு முடித்ததும் கையில் டார்ச் எடுத்துக்கொண்டு கம்பம் கம்பமாக நின்று மேலே பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். அவருடைய வீட்டு அம்மாதான் எங்களைத் திட்டுகிறார்.