கிறிஸ்துமஸ், பிறந்தநாள் பரிசுகளுக்கு ஆண்டு முழுவதும் பணம் ஒதுக்குவது எப்படி?

பாளை மருமகள்:

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். பாளையங்கோட்டையில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் துணிமணி, பிறந்தநாள் பரிசு ஆகியவற்றின் கணக்கு முழுவதையும் இதுவரை என் மாமியாரே பார்த்து வந்தார். அவருக்கு வயதாகிவிட்டதால், மூத்த மகன் வீடு என்ற முறையில் இந்த ஆண்டு முதல் அந்தப் பொறுப்பை எங்களிடம் ஒப்படைத்துவிட்டார். கூடவே ஒரு நீளமான கணக்கு நோட்டையும் கொடுத்தார். எந்த ஆண்டு யாருக்கு என்ன எடுத்தோம், அவர்கள் நமக்கு என்ன எடுத்தார்கள், சேலையின் விலை என்ன, எந்தக் கடையில் வாங்கியது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுத்த ரவிக்கைத் துணி கூட விட்டுப்போகவில்லை.

என் கணவர் தனியார் நிறுவனத்திலும் நான் தனியார் பள்ளியிலும் பணிபுரிகிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், மளிகை, காணிக்கை எல்லாம் போகப் பரிசுகளுக்கென்று மாதம் 3,000 ரூபாய் ஒதுக்க முடியும். கணவருடைய போனஸ் தீபாவளியை ஒட்டி வந்து பிள்ளைகளின் ஜனவரித் தவணைக் கட்டணத்துக்குப் போய்விடும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாங்கள் கொடுக்க வேண்டியவர்கள் 17 பேர். மாமியாரும் என் பெற்றோரும் என மூன்று பெரியவர்கள். மூத்த நாத்தனார், கொழுந்தனார், என் தம்பி ஆகியோர் குடும்பங்களில் ஆறு பெரியவர்கள், நான்கு குழந்தைகள். எங்கள் பிள்ளைகள் இருவர். என் கணவர் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்ற ஞானப்பிள்ளை ஒருவன். வேலைக்கு வரும் அம்மா. இவர்களைத் தவிர இளைய நாத்தனாருக்கு ஜூன் மாதம் திருமணம் நடக்கவிருப்பதால் டிசம்பரில் அவர்களுக்குத் தலைக் கிறிஸ்துமஸ் வேறு வருகிறது.

இந்தத் தொகை போதுமா, போதுமென்றால் எங்கே போட்டு வைப்பது, எப்படிப் பிரிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் மாதம் 1,000 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டும் கிறிஸ்துமஸ் சீட்டு நடத்துகிறார். முடிவில் துணி, மளிகை, கேக், ஒரு வெள்ளிக் காசு ஆகியவை தருவதாகச் சொல்கிறார். அதில் சேரலாமா என்பதையும் தெரிவியுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கியாளர், மதுரை:

அம்மா, முதலில் மாதக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். 3,000 ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்கி 36,000 ரூபாய் கையில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். டிசம்பர் மாதச் சம்பளம் பண்டிகை முடிந்த பிறகுதான் வரும். ஆகவே கிறிஸ்துமஸுக்கு உதவக்கூடியவை ஜனவரி முதல் நவம்பர் வரையிலான பதினொரு தவணைகள் மட்டுமே. அதாவது 33,000 ரூபாய்.

இந்தப் பணத்தை ஒரே இடத்தில் வைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் கிறிஸ்துமஸ் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது, பிறந்தநாட்களோ ஆண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. மாதம் 2,000 ரூபாயைத் தொடர் வைப்பில், அதாவது மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டி முடிவில் வட்டியோடு பெறும் வங்கி ஆர்.டி.யில் போடுங்கள். மீதி 1,000 ரூபாயைச் சம்பளக் கணக்கோடு கலக்காத தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, பிறந்தநாட்களுக்கு அதிலிருந்தே எடுங்கள். அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையை அன்றாடம் கையில் கொண்டுபோகும் பையில் வைக்காமலிருப்பது நல்லது.

தொடர் வைப்பில் பலரும் கவனிக்காத ஒன்று முதிர்வுத் தேதி. ஜனவரியில் ஓராண்டுக்குத் தொடங்கினால் அது அடுத்த ஜனவரியில்தான் முதிரும். டிசம்பரில் பணம் வேண்டுமென்றால் இடையில் முறிக்க வேண்டியிருக்கும், வட்டியும் குறையும். ஆகவே பத்து மாதத் தவணையாகத் தொடங்கினால் நவம்பரில் பணம் கைக்கு வந்துவிடும். சில வங்கிகள் ஓராண்டுக்குக் குறைந்த தொடர் வைப்பை ஏற்பதில்லை, சில வங்கிகள் ஆறு மாதத்துக்கே ஏற்கின்றன; கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயில் தொடங்கக்கூடிய நல்ல திட்டமே என்றாலும் அதன் காலம் ஐந்து ஆண்டுகள். மூன்று ஆண்டுகள் முடியாமல் அதை மூடவும் இயலாது என்பதால் உங்கள் தேவைக்குப் பொருந்தாது.

ஆண்டு வட்டி ஆறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பத்து மாதத்தில் உங்களுக்குக் கிடைப்பது 550 ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். வட்டிக்காக இதை நான் சொல்லவில்லை. பணம் தானாகவே ஒதுங்கி நிற்கும், பண்டிகைக்கு முந்தைய மாதத்தில் மொத்தமாகத் திரும்பும் என்பதே இதிலுள்ள பயன். நவம்பர் மாதத்து 2,000 ரூபாயையும் சேர்த்தால் கிறிஸ்துமஸுக்கு 22,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் இருக்கும்.

நாஞ்சில் அக்கா:

அன்புத் தங்கைக்கு, நானும் ஒரு வீட்டுக்கு மூத்த மருமகள்தான், நாகர்கோவிலில் இருக்கிறேன். மேலே ஐயா சொன்ன 22,000 ரூபாயை 17 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1,300 ரூபாய்க்குக் கீழே வரும். பலகாரச் செலவுக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. எனவே எவ்வளவு சேமிப்பது என்பதைவிட, யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சட்டையும் சேலையும் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். நான் உங்களுக்கு 1,500 ரூபாய்ச் சேலை எடுத்தால் நீங்கள் எனக்கு அதற்குக் குறையாமல் எடுத்தாக வேண்டும் என்று இரு வீட்டாரும் டிசம்பரில் அலைந்து திண்டாடுவார்கள்; இரு பக்கமும் பணம் போகும், விரும்பிய நிறம் மட்டும் யாருக்கும் கிடைக்காது. அதற்குப் பதிலாக, கல்லூரி விடுதிகளில் ‘கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்’ என்று விளையாடுவார்களே, அதைப் போலப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்கிறோம். உங்கள் வீட்டில் நீங்கள் இருவர், மற்ற ஆறு பேர், புதுமணத் தம்பதி எனப் பத்துப் பெரியவர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் ஒருவருக்கு மட்டும் 750 ரூபாய்க்குள் வாங்கினால் போதும். ஆறு பேருக்குத் தலா 1,500 ரூபாய் வீதம் 9,000 ரூபாய் ஆக வேண்டிய இடத்தில் உங்கள் வீட்டுச் செலவு 1,500 ரூபாயில் முடியும்.

குழந்தைகளையும் முதியவர்களையும் இந்தக் குலுக்கலில் சேர்க்காதீர்கள். கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்குப் புதுத் துணி உடுத்திப் போவது குழந்தைகளுக்கு ஓராண்டுக் காத்திருப்பு. ஆறு குழந்தைகளுக்குத் தலா 1,500 என 9,000 ரூபாய், மூன்று முதியவர்களுக்கு 4,500, ஞானப்பிள்ளைக்கு 1,000, வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சேலையும் கையில் பணமுமாக 2,000, குலுக்கலுக்கு 1,500. ஆக 18,000 ரூபாய். மீதி 4,000 ரூபாயில் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும், கேரல் குழுவினருக்கான கவரும், தெருவைச் சுத்தம் செய்பவர்களுக்கும் தபால்காரருக்கும் கொடுப்பதும் அடங்க வேண்டும். வேலைக்கு வரும் அம்மாவின் தொகையில் மட்டும் எந்த ஆண்டும் கை வைக்காதீர்கள். நம் வீட்டுப் பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் அதிகம் உழைப்பவர் அவரே.

இந்த மாற்றத்தை நீங்கள் அறிவித்தால் மருமகள் வந்ததும் வழக்கத்தை நிறுத்திவிட்டாள் என்ற பேச்சு வரும். மாமியார் வாயால் வந்தால் அனைவரும் ஏற்றுக்கொள்வார்கள். ஜூன் மாதக் கல்யாணத்துக்கு எல்லோரும் கூடுவார்கள் அல்லவா, கல்யாணப் பரபரப்பு ஓய்ந்த மறுநாள் மாலையில் அவரே சொல்லட்டும். நவம்பரில் சொன்னால் அதற்குள் யாராவது உங்களுக்குத் துணி எடுத்து வைத்திருப்பார்கள், பிறகு சங்கடம்தான்.

துணி எடுக்கும் நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாமியாருக்கும் அம்மாவுக்கும் சேலை, அப்பாவுக்கு வேட்டி ஆகியவற்றை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்துவிடலாம். கோ-ஆப்டெக்ஸில் மாதத் தவணைச் சேமிப்புத் திட்டமும் உண்டு, முடிவில் கைத்தறித் துணியாக வாங்கிக்கொள்ளலாம். விவரத்தைக் கடையிலேயே கேளுங்கள். குழந்தைகளுக்கு மட்டும் ஆடியில் எடுக்க வேண்டாம், டிசம்பருக்குள் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். ரவிக்கை தைக்கக் கொடுப்பதானால் நவம்பர் மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், தையல் கூலியையும் சேலை விலையோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

திருச்சி அரசு ஊழியர்:

சீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஏலச் சீட்டு நடத்துவதற்கு 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவுத்துறை அதைக் கண்காணிக்கிறது. உங்கள் தெருவில் நடப்பது அந்த வகையைச் சேர்ந்ததே அல்ல. மாதாமாதம் பணம் வாங்கி முடிவில் பொருள் தருவதாகச் சொல்லும் இத்தகைய பண்டிகைச் சீட்டுகளுக்கு, நடத்துபவரின் வாய்ச்சொல்லையும் ஓர் அட்டையையும் தவிர வேறு பிடிமானம் இருப்பதில்லை. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்ய 2019இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது, தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது என்றாலும், பணம் போன பிறகு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வங்கி வைப்புக்கோ ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

நடத்துபவர் நாணயமானவர் என்றே வைத்துக்கொண்டாலும், தருவதாகச் சொல்லும் பொருள்களின் பட்டியலை வாங்கிக் கடையில் விலை விசாரித்துப் பாருங்கள். வெள்ளிக் காசின் எடை எத்தனை கிராம், துணி எந்த ரகம், அரிசி எந்த அரிசி என்று எழுதித் தராத பட்டியலின் மதிப்பு டிசம்பரில்தான் தெரியவரும். கையில் 12,000 ரூபாய் இருந்தால் நமக்கு வேண்டியதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

கடன் அட்டையில் வாங்கித் தவணையாகக் கட்டலாம் என்று எவரேனும் சொன்னால் அதையும் நிதானமாகப் பாருங்கள். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று விளம்பரம் செய்தாலும் பெரும்பாலும் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள்; அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும், சில வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில்தான் விழும்.

இங்கே வாசிக்கும் தமிழக அரசு ஊழியர்களுக்காக ஒரு குறிப்பு. நமக்குப் பண்டிகை முன்பணம் வட்டியில்லாமல் கிடைக்கிறது, பத்துத் தவணைகளில் சம்பளத்தில் பிடிப்பார்கள். 2025இல் அது 10,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு ஒரு பண்டிகைக்கு மட்டுமே என்பதால் கிறிஸ்துமஸுக்கு வேண்டியவர்கள் தீபாவளிக்கு வாங்கிவிடாமல் பொறுத்திருக்க வேண்டும்.

முத்துநகர் வாசகி:

சீட்டு என்றாலே மோசம் என்று சொல்லிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தூத்துக்குடியில் எங்கள் சபைப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து மாதம் 500 ரூபாய் போடுகிறோம். பணம் எவர் வீட்டிலும் இருப்பதில்லை, மூவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தை மாதக் கூட்டத்தில் எல்லோரும் பார்க்கிறோம். டிசம்பர் தொடக்கத்தில் அவரவர் பணம் அவரவருக்கே திரும்பிவிடும். தனியாகச் சேமிக்கும்போது அவசரம் என்று கை வைத்துவிடும் வீடுகளில், நாலு பேருக்கு முன் கட்ட வேண்டும் என்ற கூச்சம் உண்மையாகவே உதவுகிறது. யாரோ ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளுக்குக் காத்திருப்பது வேறு, இது வேறு.

பாளை மருமகள்:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தெருச் சீட்டில் சேரப் போவதில்லை. மாமியாரிடம் குலுக்கல் யோசனையைச் சொன்னேன்; சிறிது நேரம் யோசித்துவிட்டு, பெரியவர்களுக்கு அது சரிதான் என்றும், நோட்டில் உள்ள பழைய கணக்கைப் பார்த்து யாரும் குறைபட்டுக்கொள்ளக் கூடாது என்று தானே சொல்வதாகவும் கூறினார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தலைக் கிறிஸ்துமஸ் செலவை இந்த 22,000 ரூபாய்க்குள் அடக்க முடியுமா? பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாக்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது? ஒரு விழாவுக்கு அழைப்பு வந்தால் 300, 400 ரூபாய்க்குக் குறைந்து பொம்மை கிடைப்பதில்லை.

நாஞ்சில் அக்கா:

தலைக் கிறிஸ்துமஸ் சீரை இதில் சேர்க்காதீர்கள். அது பிறந்த வீட்டுச் சீர் என்பதால் உங்கள் கணவரும் கொழுந்தனாரும் சமமாகப் பகிர்ந்துகொள்வதே முறை. கல்யாணச் செலவுக்குத் திட்டமிடும்போதே அதையும் ஒரு வரியாக எழுதிவிடச் சொல்லுங்கள். மோதிரமா, துணியும் பலகாரமும் மட்டுமா என்பதைக் கல்யாணப் பேச்சின்போதே சம்பந்தி வீட்டாரிடம் பேசி முடித்துக்கொள்வது இரு வீட்டுக்கும் நல்லது.

ஓய்வுபெற்ற வங்கியாளர், மதுரை:

பிறந்தநாள் கணக்கில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் சேரும். ஆறு குழந்தைகளுக்கும் மூன்று முதியவர்களுக்கும் தலா 700 ரூபாய் என்றால் 6,300. வகுப்புத் தோழர்களுக்கு ஒரு விழாவுக்கு 250 ரூபாய் என்று வரம்பு வைத்துப் பன்னிரண்டு விழாக்களுக்கு 3,000 ரூபாய் ஒதுக்குங்கள். பொம்மைக்குப் பதிலாக வயதுக்கேற்ற தமிழ்க் கதைப் புத்தகங்கள் இரண்டோ மூன்றோ அந்த விலையில் வாங்கலாம். மீதமுள்ள 2,700 ரூபாயில் கை வைக்காமல் ஜூன் மாதம் வரை போகட்டும். மற்ற பெரியவர்களின் பிறந்தநாளுக்குக் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஐம்பது, அறுபது நிறைவு போன்றவை வந்தால் அந்த மீதியிலிருந்து செய்யலாம். இன்றே 17 பேரின் பிறந்த தேதிகளையும் மாத வாரியாக எழுதிப் பாருங்கள். ஒரே மாதத்தில் நாலைந்து வந்தால், அதற்கு முந்தைய மாதங்களில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.