நிக்கல் கசிவா, நிக்கல் விடுகையா?

குழுவினருக்கு வணக்கம்.

நகை ஒவ்வாமைக் கையேட்டில் ஓர் இடத்தில் சொல் இடிக்கிறது. தோலில் படும் உலோகம், சதுர சென்டிமீட்டருக்கு வாரம் எவ்வளவு நிக்கலை இழக்கிறது என்னும் அளவுக்குப் பெயர் வேண்டும். ஐரோப்பிய வரம்பு 0.5 மைக்ரோகிராம், குத்திய துளைக்குள் நிற்கும் தண்டுக்கு 0.2. இப்போதைக்கு 'நிக்கல் கசிவு' என்று எழுதியிருக்கிறேன்.
— தொகுப்பாளர்

> நிக்கல் கசிவு

ஐயா, கசிவது நீரோ வாயுவோ, அதுவும் ஓட்டை வழியாக. இங்கே வியர்வையிலுள்ள உப்பும் லாக்டிக் அமிலமும் பரப்பைக் கரைக்க, நிக்கல் அயனியாகப் பிரிகிறது. 'வெளியீடு' என்றால் புத்தக விழா நினைவுதான் வரும். 'விடுகை' போதுமே. சுங்குடிச் சேலை சாயம் விடுகிறது என்றுதானே மதுரையில் சொல்கிறோம்?
— வேதியியல் ஆசிரியர்

விடுகை எனக்குச் சம்மதம். ஆனால் 'உள்ளளவு' (உலோகத்துக்குள் இருக்கும் நிக்கல்) என்று இன்னொரு சொல்லையும் பக்கத்திலேயே வையுங்கள். கடையில் குழப்பமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான். 316எல் என்னும் துருப்பிடிக்காத எஃகில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம் இருக்கும். மேலே குரோமியம் ஆக்சைடு படலம் இருப்பதால் விடுவதோ மிகக் குறைவு. கவரிங் கம்மல் நேர்மாறு: பித்தளை, அதன்மேல் மெல்லிய நிக்கல் பூச்சு, அதற்கும் மேல் தங்க முலாம். முலாம் போனதும் நிக்கல் நேரே தோலில் படும். முதலில் தேய்வது முகப்பல்ல, திருகாணி மரையும் தண்டும். நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதியில் 916 தங்கம் வாங்கியவருக்கு இந்தத் தொல்லை அரிது, மீதி 8.4 சதவீதம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்தான். வெள்ளைத் தங்கம் என்றால் மட்டும் சேர்த்தது பல்லேடியமா நிக்கலா என்று கேட்க வேண்டும். ரோடியம் முலாம் பளபளப்பதைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது.
— நகைப் பட்டறைக்காரர்

பத்தர் சொன்ன இடத்தில்தான் சோதிக்கவும் வேண்டும். பஞ்சுக்குச்சியில் நிக்கலை நிறத்தால் காட்டும் டைமெத்தில்கிளையாக்சைம் கரைசல், அம்மோனியா நீர் இரண்டிலும் சில துளிகள் விட்டு, தண்டில் அரை நிமிடம் தேய்க்கவும். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் விடுகிறது. முலாம் தேயாத புது நகையில் நிறம் வராமல் ஏமாற்றும். அளவு வேண்டுமென்றால் ஆய்வகம்தான்: 30 டிகிரியில் செயற்கை வியர்வையில் ஒரு வாரம் ஊறவைத்து அளப்பார்கள், முலாம் பூசியதை அதற்குமுன் தேய்மானத்துக்கு உட்படுத்துவார்கள்.

தோலில் பச்சை படிவதை இந்தத் தலைப்பில் சேர்க்காதீர்கள். அது செம்பின் உப்பு, கழுவினால் போகும். நிக்கல் ஒவ்வாமை ஓரிரு நாள் கழித்தே அரிப்பும் கொப்புளமுமாக வரும். அதனால் பலர் நகையை விட்டுவிட்டுச் சோப்பைச் சந்தேகிப்பார்கள். உறுதிசெய்ய, முதுகில் நிக்கல் சல்பேட் பட்டை ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். பிறகு ஓரிரு நாளில் இன்னொரு முறை.

கையேட்டில் 'நிக்கலற்ற நகை' என்று வரும் இடங்களையும் மாற்றுங்கள். எஃகுக்கு அது பொய். 'விடுகை குறைந்த நகை' என்று போடலாம்.
— தோல் மருத்துவர்