மறு: வாகனம் கட்டும் வாருக்குச் சொல் – ‘தளைவார்’

எல்லாருக்கும் வணக்கம்.

காரை லொறியிலோ கப்பல் கொள்கலனிலோ ஏற்றும்போது அசையாமல் கட்டிப் பிடிக்கும் வாருக்கு (tie-down strap) எங்கள் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்ற இந்த இழையை மூன்று நாளாக வாசித்து வருகிறேன். இதுவரை வந்தவை பிணைப்புப் பட்டை, இறுக்குப்பட்டி, கட்டுநாடா. மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான். காரின் எந்த இடத்தில் அந்த வாரைப் போடுகிறோம் என்பது சொல்லில் இல்லை. கார் பத்திரமாகப் போய்ச் சேருமா இல்லையா என்பதை அந்த இடம்தான் தீர்மானிக்கிறது.

> ஆசனப்பட்டி என்று ஏற்கெனவே இருக்கிறதே. அந்த வழியில் இறுக்குப்பட்டி என்றால் என்ன?

அண்ணை, ஆசனப்பட்டி நல்ல சொல், அது இருக்கட்டும். ஆனால் வன்னியில் பட்டி என்றால் முதலில் மாட்டுப்பட்டிதான். “காரைப் பட்டி போட்டு இறுக்கு” என்றால் எங்கள் கராச்சில் வேலை பழகும் பெடியளுக்கு விளங்காது. இந்தச் சொற்பட்டியலை முதலில் கையில் எடுக்கப்போவது அவர்களும் கிளிநொச்சி அறிவியல்நகரில் வாகனத் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளும்தான். நாளைக்கு அவர்களில் ஒருவர் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் கப்பலுக்குக் கார் ஏற்றும் வேலைக்குப் போகலாம். சொல் அவர்கள் கைக்கு வசப்பட வேண்டும்.

இந்தக் கேள்வி என்னிடம் வந்த வழியைச் சொல்கிறேன். டொரன்டோவில் இருக்கும் மச்சான் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு மாறுகிறார். அவரிடம் ஒரு நிசான் ஸ்கைலைன் ஜீரிஆர், ஆர்34 இருக்கிறது. 1999 முதல் 2002 வரை மட்டுமே செய்யப்பட்ட கார். பத்து வருடம் காசு சேர்த்து வாங்கியது. அதை 20 அடிக் கொள்கலனில் அனுப்ப வேண்டும், என்னென்ன செய்யவேண்டும் என்று தமிழில் எழுதித் தா என்றார். பெற்றோலைத் தாங்கியின் காற்பங்குக்குக் கீழே குறை, அலாரத்தை நிறுத்து, பற்றரி வயரைக் கழற்று, காரைக் கழுவிக் காயவிட்டு ஒவ்வொரு பக்கமும் படம் எடு (ஊத்தையோடு எடுத்தால் பழைய கீறல் எது, வழியில் வந்த கீறல் எது என்று பிறகு காட்ட முடியாது) என்று எழுதிக்கொண்டே போனேன். காரைக் கட்டும் இடம் வந்ததும் பேனை நின்றுவிட்டது.

ஏன் என்றால் அங்கே இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, காரின் உடலில், அதாவது சசி என்கிற அடிச்சட்டத்திலோ இழுவைக் கொளுக்கி பூட்டும் கண்ணிலோ வாரை மாட்டித் தரையோடு இழுப்பது. மற்றது, ரயருக்கு மேலால் வாரைச் சுற்றி, சில்லைத் தரையோடு பிடித்து வைப்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். ஆனால் உடலில் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கும் வரைக்கும் இழுக்க வேண்டும். வழியில் ஒரு குலுக்கலில் உடல் இன்னும் கீழே போகும்போது வார் தொய்கிறது. தொய்ந்த நொடியில் கொளுக்கி கழரலாம். கழராவிட்டால் உடல் திரும்ப எழும்பும்போது வெட்டி இழுக்கும். சில்லில் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை. சில்லு தரையோடு நிற்கும், உடல் தன் ஸ்பிரிங்கில் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். சில வருடத்துக்கு முன், ஒருவர் ஆசையாக வைத்திருந்த கார் ஒன்று கொழும்பிலிருந்து லொறியில் எங்களிடம் வந்தது. 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், கடைசிப் பகுதி ஏ9 வீதியில். நாலு வாரும் உடலில்தான் கட்டியிருந்தது. கிளிநொச்சியில் படங்கைத் தூக்கினால் பின் வார் இரண்டும் தரையில் கிடக்கின்றன, கார் முன்னால் உருண்டு லொறிப் பெட்டியின் சுவரில் மோதி நிற்கிறது. உடைந்த முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆகவே இந்த இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். பூநகரிப் பக்கம் பனை ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு காலையும் தளைநார் என்ற நார் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். தளை காலில் இருக்கும், உடம்பு தன்பாட்டுக்கு அசையும். சில்லில் போடும் வாரும் செய்வது அதைத்தான். நார் இருந்த இடத்தில் வார், ஆகவே தளைவார். அந்தச் செயல் தளைத்தல். கொள்கலனின் தரையோரத்தில் கொளுக்கி மாட்ட இருக்கும் இரும்பு வளையம் தளைக்கண். உடலில் போடுவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம், அது கட்டு. மாட்டுக்குக் கழுத்தில் போடுவது கட்டு, காலில் போடுவது தளை, அவ்வளவுதான்.

> வார் என்பது தோல். இது பொலியெஸ்டர் அல்லவா?

செருப்பு வாரும் ஒரு காலத்தில் தோல்தான். இன்றைக்கு அது றப்பர், ஆனாலும் வார் என்றுதானே சொல்கிறோம்?

தளை என்றால் விலங்கு, கேட்கவே மனம் சுருங்குகிறது என்று இந்த இழையில் டீச்சர் எழுதியிருந்தார். வன்னியில் இருந்துகொண்டு அதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் டீச்சர், யாப்பிலும் தளைதானே ஒரு சீரை அடுத்த சீரோடு சேர்த்துப் பிடிக்கிறது. தளைநாரும் ஏறுகிறவரின் காலை மரத்தில் பிடித்து வைக்கத்தான். விலங்கு என்ற ஒரு பொருளுக்காக இந்தச் சொல்லை விட எனக்கு மனமில்லை.

வாரை இறுக்கும் பல்சில்லுப் பிடியான ரச்செட்டுக்கு நான் சொல் கேட்கவில்லை. கராச்சில் எல்லாருக்கும் அது ரச்செட்தான், விட்டுவிடுவோம். சில்லுக்கு முன்னும் பின்னும் வைக்கும் மரத்துக்கு ‘சக்கரத் தடுப்பான்’ என்று ஒருவர் போட்டிருந்தார். முட்டுக்கட்டை என்று இருக்கும்போது அது எதற்கு?

மச்சானுக்கு நேற்றிரவு எழுதி அனுப்பியதன் ஒரு பகுதியைக் கீழே ஒட்டுகிறேன். வாசித்துப் பாருங்கள், எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

“கொள்கலனின் உள் அகலம் 2.35 மீற்றர், உன் கார் 1.785. நடுவில் விட்டால் பக்கத்துக்கு 28 சென்ரிமீற்றர்தான், கதவு திறந்து இறங்க முடியாது. இடப்பக்கம் ஒதுக்கி விடு, சாரதிப் பக்கம் அரை மீற்றருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். முன்பக்கம் தாழ்வு, ஆகவே ஏற்றுப்பலகை நீளமானதாக இருக்கட்டும். நாலு சில்லுக்கும் முட்டுக்கட்டை வைத்துத் தரைப்பலகையில் ஆணி அடிக்கச் சொல். பிறகு நாலு சில்லையும் தளை. தளைவார் றிம்மில் உரசக்கூடாது, ரயரில் மட்டும் படிய வேண்டும். தளைக்கண்ணில் கொளுக்கி முழுதாக விழுந்ததா என்று கையால் இழுத்துப் பார். உடலில் ஒரு கட்டும் போட விடாதே.”