பிரேக் போகும்போது நோயாளி யார் கையில்? நர்ஸ் வேலையில் இடைவேளை, ஆள் கணக்கு, சங்கம்: அனுபவப் பகிர்வு

பொது வார்டு

நோயாளிக்குக் கொடுத்த இரண்டு மில்லி மருந்தையும் நேரம் போட்டு எழுதுகிறோம். எழுதாதது செய்யாததற்குச் சமம் என்று பயிற்சிக் காலத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். அதே நர்ஸ் அன்று சாப்பிடப் போனாரா இல்லையா என்பதற்கு மட்டும் எங்கேயும் ஒரு வரி இருக்காது. இடைவேளைப் புகார்கள் படுத்துவிடுவது இங்கேதான். "எங்களுக்குப் பிரேக்கே கிடைப்பதில்லை" என்றால் நிர்வாகம் வருகைப் பதிவை எடுத்து நீட்டும். அதில் தினமும் 30 நிமிடம் தானாகவே கழிந்திருக்கும்.

இந்தத் தானியங்கிக் கழிப்பு உங்கள் இடத்தில் உண்டா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, சாப்பாட்டு இடைவேளைக்குச் சம்பளம் பிடிக்க வேண்டுமானால் ஊழியர் வேலையிலிருந்து முழுதாக விடுபட்டிருக்க வேண்டும். 5 முதல் 20 நிமிடம் வரையிலான சின்ன இடைவேளைகள் வேலை நேரமாகவே கணக்காகும். பிரிட்டனின் 1998 வேலை நேர விதிகளில் 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட இடைவேளை. அதற்குச் சம்பளம் உண்டா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வார்டு போனை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் மானிட்டரைப் பார்த்தபடி சாப்பிடுவது எந்தக் கணக்கிலும் ஓய்வு ஆகாது.

பிரேக் கிடைக்காத நாளில் நீங்களே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். நீளமாக வேண்டாம். "பகல் ஷிஃப்ட், 14 நோயாளி, 2 நர்ஸ். 1.10க்குப் பிரேக் கேட்டது. ரிலீவர் இல்லை என்று சார்ஜ் நர்ஸ் பதில். 2.05க்கு உட்கார்ந்தது. 2.13க்கு 6ஆம் படுக்கை ஆக்ஸிஜன் குறைவு, அழைப்பு. திரும்பப் போகவில்லை." இவ்வளவு போதும். (சார்ஜ் நர்ஸ் என்றால் அந்த ஷிஃப்டின் பொறுப்பு நர்ஸ்; ரிலீவர் என்றால் பிரேக் போகிறவரின் நோயாளிகளைப் பார்க்கும் மாற்று நர்ஸ்.) அன்றைக்கே எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் முப்பது நாளுக்கும் எழுதினால் விசாரணையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. வருகைப் பதிவைத் திருத்தச் சொல்லும் படிவம் இருந்தால் அதே ஷிஃப்டில் கொடுத்துவிடுங்கள்.

ரோஸ்டர் (ஷிஃப்ட் பட்டியல்) போடுகிற பக்கத்திலிருந்து

பிரேக் கிடைக்காததற்கு மேட்ரனின் கல் மனசு காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் கூட்டல் கணக்கு.

24 நோயாளி, 6 நர்ஸ், 8 மணி ஷிஃப்ட் என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு 30 நிமிடம், இரண்டு 15 நிமிடம்: மொத்தம் 6 மணி நேரம். ஒரு ரிலீவர் போட்டால் போதும் போலத் தெரியும். போகும்போது 5 நிமிடம், வந்ததும் 5 நிமிடம் ஹேண்டோவர் (நோயாளிகளை ஒப்படைப்பது) உண்டே? 18 தடவை வெளியே போனால் அதற்கே 3 மணி நேரம். ஆக 9 மணி நேர வேலை, 8 மணி ஷிஃப்டில். ஷிஃப்டின் முதல் மணியிலும் கடைசி மணியிலும் யாரும் பிரேக் போக முடியாது; மிஞ்சுவது 6 மணி. சிறு இடைவேளைகள் இரண்டையும் ஒன்றாக்கி, நான்கு நர்ஸுக்கு ஒரு ரிலீவர் என்று வைத்தால் 4 மணி ஓய்வும் 1 மணி 20 நிமிட ஹேண்டோவரும் அதற்குள் அடங்கும். இந்தத் தாளோடு பேச்சுவார்த்தைக்குப் போங்கள். "பிரேக் வேண்டும்" என்பதைவிட "ரிலீவர் பதவி இத்தனை வேண்டும்" என்ற கோரிக்கைக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது கஷ்டம்.

இன்னொரு கண்கட்டு வித்தை, ஒரு நாளில் ஒரு நோயாளிக்கு எத்தனை நர்ஸிங் மணி என்ற எண். அதே வார்டில் காலை 6, மாலை 6, இரவு 4 பேர்: 128 மணி, 24ஆல் வகுத்தால் 5.33. அழகான எண். ஷிஃப்டுக்கு ஒருவராக நோயாளி எடுக்காத சார்ஜ் நர்ஸைக் கழித்தால் 4.33. மீதி 13 பேரின் ஒரு மணி இடைவேளையையும் கழித்தால் 3.79. நள்ளிரவில் எண்ணும்போது 24 பேர்தான். ஆனால் பகலில் 5 டிஸ்சார்ஜ், 5 அட்மிஷன் என்றால் கை பட்டது 29 பேர். அப்போது 3.14. நிர்வாகம் எண் சொன்னால் இந்த நான்கில் எது என்று கேளுங்கள்.

24 மணி நேரமும் ஓர் இடத்தை நிரப்ப, வாரம் 40 மணி வேலை செய்யும் 4.2 பேர் வேண்டும். வருடத்தில் 6 வாரம் விடுப்பு, பயிற்சி என்று போனால் அது 4.75 ஆகும். 4 பேரை வைத்துக்கொண்டு "முழு எண்ணிக்கை இருக்கிறது" என்பவர்கள் ஏராளம்.

ஐசியூ இரவு

"பக்கத்து நர்ஸ் பார்த்துக்கொள்வார்" என்ற ஏற்பாட்டைப் பற்றி ஒன்று. ஐசியூவில் ஒருவருக்கு இரண்டு நோயாளி. பக்கத்தவர் சாப்பிடப் போனால் உங்களுக்கு நான்கு. இரண்டு வென்டிலேட்டர் அலாரம் ஒன்றாக அடித்தால் அந்த 30 நிமிடமும் பதற்றம்தான்.

ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் எத்தனை நோயாளி என்பதற்குக் கலிபோர்னியாவில் 1999இல் சட்டம் வந்து, 2004இல் எண்ணிக்கை நடைமுறைக்கு வந்தது: ஐசியூவில் 1:2 (ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளி), பொது வார்டில் முதலில் 1:6, 2005 முதல் 1:5. அந்த விதியில் "எல்லா நேரமும்" என்று இருப்பதுதான் உயிர்நாடி. இடைவேளை நேரத்துக்கும் அது பொருந்தும் என்பதால் ரிலீவர் போட்டே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இப்படியொரு எண்ணிக்கையை 2015இல் சட்டமாக்கியது. பெரிய மருத்துவமனைப் பொது வார்டில் பகலில் 1:4, பொறுப்பு நர்ஸ் தனி; இரவில் 1:8. உங்கள் ஒப்பந்தத்தில் எண் இருந்தால் இந்த இரண்டு சொற்களும் இருக்கின்றனவா பாருங்கள்: எல்லா நேரமும், பொறுப்பு நர்ஸ் நீங்கலாக.

ஷிஃப்டுகளுக்கு இடையிலான ஓய்வையும் விடாதீர்கள். இரவு 10க்கு முடித்து காலை 7க்கு வந்தால் நடுவில் 9 மணிதான், அதில் பயணமும் சேர்ந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977இல் நர்ஸுகளுக்கென்றே 149ஆம் உடன்படிக்கையையும் 157ஆம் பரிந்துரையையும் கொண்டுவந்தது. ஷிஃப்டுகளுக்கு நடுவே தொடர்ந்து 12 மணி ஓய்வு என்கிறது அந்தப் பரிந்துரை. பரிந்துரை கட்டாயமில்லை; ஆனாலும் பேச்சு மேசையில் வைக்கலாம்.

சங்கப் பிரதிநிதி

மெமோ கையில் வந்த பிறகு உறுப்பினர் படிவம் கேட்டு வருகிறார்கள். சேர்வதற்கு முன்பே கிளம்பிவிட்ட பிரச்சினையைப் பல சங்கங்கள் எடுப்பதில்லை. காப்பீடு போலத்தான், தீப்பிடித்த பிறகு எழுத முடியாது. சேரும்போது சந்தா சம்பளத்தில் பிடிபடுகிறதா என்று இரண்டு மாதச் சீட்டில் பாருங்கள். வார்டு மாறினால், பகுதி நேரம் ஆனால், நீண்ட விடுப்பில் போனால் பிடித்தம் சத்தமில்லாமல் நின்றுவிடும். உறுப்பினர் என்று நினைத்துக்கொண்டே இருப்பீர்கள்.

ஆள் குறைவான ஷிஃப்டில் என்ன செய்வது? ஒப்படைப்பை வாங்கிக்கொண்ட பிறகு வெளிநடப்பு செய்யாதீர்கள். நோயாளியைக் கைவிட்டதாகத் திரும்பும், நர்ஸாக வேலை செய்வதற்கான பதிவுக்கே ஆபத்து. வாங்குவதற்கு முன் சார்ஜ் நர்ஸிடம் வாயால் சொல்லுங்கள், பதிலைக் கேளுங்கள், பிறகு ஆட்சேபத்துடன் ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். சில சங்கங்கள் இதற்கென்றே படிவம் அச்சிட்டிருக்கின்றன. அதில் கோபம் வேண்டாம், எண் வேண்டும்: எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், எத்தனை பேர் இரண்டாள் தூக்க வேண்டியவர்கள், எந்த மருந்து எவ்வளவு தாமதம், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னது. ஒரு தாள் புலம்பல். ஒரே வார்டிலிருந்து ஆறு வாரத்தில் நாற்பது தாள் என்றால், எந்தக் கிழமை, எந்த ஷிஃப்ட் என்று தடம் தெரியும்.

ஆய்வு கேட்பார்கள். நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு 2002இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து வெளியிட்டது பிரபலம்: நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் 7 சதவீதம் கூடியிருந்தது. அது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிப்பதில்லை. எதிர்த்தரப்பு சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். அமெரிக்காவில் 1975 வைன்கார்ட்டன் தீர்ப்புப்படி, தண்டனைக்கு வழிவிடக்கூடிய விசாரணையில் சங்கப் பிரதிநிதியைக் கேட்க உரிமை உண்டு. ஆனால் கேட்க வேண்டியது நீங்கள், நிர்வாகம் ஞாபகப்படுத்தாது. மற்ற நாடுகளில் விதி வேறு. "சும்மா பேசத்தான்" என்றால் "இது ஒழுங்கு நடவடிக்கையில் முடியுமா?" என்று கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

பொது வார்டு, மறுபடி

மேலே சொன்ன நாற்பது தாளுக்கு ஒரு சேர்ப்பு. சங்கத்துக்குப் போகும் நகலில் நோயாளி பெயர், மருத்துவப் பதிவு எண் எதுவும் இருக்கக்கூடாது. ஆள் குறைவுக்குப் போட்ட வழக்கு ரகசியக்காப்பு மீறல் வழக்காக உங்கள் பக்கமே திரும்பிவிடும். கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுக்கவே வேண்டாம். ரோஸ்டரை எடுப்பதாக இருந்தாலும், மருத்துவமனை விதி அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்னால் தெரிகிற வெள்ளைப் பலகையையும் ஒரு தடவை பாருங்கள். படுக்கை எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் எழுதியிருக்கும்.